தரவுத்தளத்தின் குமிழ்கள்

பழைய வானொலிப் பெட்டிகளில் நம் கண்ணுக்கு முதலில் தென்படுவன இரண்டு குமிழ்கள். ஒன்று ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. மற்றொன்று நிலையத்தைத் தேர்ந்தெடுக்க உதவுவது. ஒலிக் குமிழைத் திருப்பினால் நிலையம் மாறிவிடாது. இரண்டும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்வன. ஆதலால் எழுத்தறியாதவரும் அப்பெட்டியை எளிதில் ஆண்டனர்.

நேயர்களே, முந்நூறு குமிழ்களை உடைய ஒரு பெட்டியை இப்போது எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு குமிழைத் திருப்பினால் மற்றொன்றின் பொருள் மாறும். திருப்பியதன் பயன் உடனே தெரியாது. சில குமிழ்களைத் திருப்ப வேண்டுமாயின் பெட்டியையே நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். வங்கிகளும் மருத்துவமனைகளும் இருப்பூர்தி நிலையங்களும் இன்று நம்பியிருக்கும் தரவுத்தளம் என்னும் மென்பொருள் அத்தகைய பெட்டியே. அதன் குமிழ்களை மனிதர் கைபடாமல் இயந்திரமே தக்கவாறு திருப்பிக்கொள்ளச் செய்ய இயலுமா என்னும் வினா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அறிஞர்களை அலைக்கழித்து வருகிறது. அவ்வினாவின் வரலாற்றையே இன்று காணப் புகுகிறோம்.

தரவுத்தளம் என்பது யாது? செய்திகளை ஒழுங்காகச் சேமித்து, வேண்டியபோது தேடித் தருவதும், பலர் ஒரே நேரத்தில் கேட்டாலும் குழப்பமின்றி விடை தருவதும், இடையில் மின்சாரம் நின்றாலும் எழுதியதை இழக்காமல் காப்பதும் அதன் கடமைகள். கணினிக்கு நினைவகம் என்றும் வட்டு என்றும் இருவகைச் சேமிப்பிடங்கள் உண்டு. நினைவகம் விரைவானது, ஆனால் விலை மிக்கது, மின்சாரம் நின்றால் அதிலுள்ளது அழிந்துபோம். வட்டு மெதுவானது, ஆனால் நிலையானது. இவ்விரண்டையும் எந்த அளவில், எந்த வேலைக்கு, எப்போது பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிப்பவையே நாம் குமிழ்கள் என்று கூறும் அமைவுகள்.

இத்துறையின் வரலாற்றில் 1970 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஜூன் திங்களில், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம், செய்தி எங்கே இருக்கிறது, எவ்வழியாகச் சென்றால் அதை அடையலாம் என்பதை நிரல் எழுதுவோரே அறிந்திருக்க வேண்டும். 1973இல் டியூரிங் விருது பெற்ற சார்லஸ் பாக்மன், நிரல் எழுதுவோரைக் கடலில் வழி கண்டு செல்லும் மாலுமிக்கு ஒப்பிட்டுப் பேசினார். காட் அவர்களின் கருத்து இதற்கு மாறானது. பயனர் தமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கூறினால் போதும். அதை எவ்வாறு கொணர்வது என்பது இயந்திரத்தின் பொறுப்பு என்றார் அவர். மாலுமி பயணியாகி விடலாம் என்பது அதன் உட்பொருள்.

இக்கொள்கையைச் செயலாக்கிக் காட்ட, கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் 1974ஆம் ஆண்டளவில் சிஸ்டம் ஆர் என்னும் முயற்சி தொடங்கியது. வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை வகுத்தவர்களுள் தலையாயவர் பட்ரிசியா செலிஞ்சர். அவரும் தோழர்களும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, குறைந்த செலவுள்ள வழியைத் தேர்வது எப்படி என்று விளக்கினர். வட்டிலிருந்து படிக்கும் பக்கங்களின் எண்ணிக்கை ஒரு பங்கு. கணினியின் மூளை செய்யும் வேலை மற்றொரு பங்கு. இரண்டும் வெவ்வேறு இனத்தவை. அவற்றைக் கூட்ட வேண்டுமாயின் ஒன்றை மற்றொன்றின் அளவுக்கு மாற்றும் எடை ஒன்று தேவை. ஆகவே வேண்டியவாறு மாற்றிக்கொள்ளத்தக்க ஓர் எண்ணை அச்சூத்திரத்திலே வைத்தனர். பயனர் இனி ஒன்றும் அறிய வேண்டுவதில்லை என்ற வாக்குறுதியை நிறைவேற்றிய அந்தச் சூத்திரத்திலேயே, யாரேனும் ஒருவர் அறிந்து அமைக்க வேண்டிய ஒரு குமிழ் பிறந்துவிட்டது என்பதை நாம் கருத வேண்டும்.

அக்குமிழின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம். வட்டிலுள்ள பக்கங்களை வரிசையாகப் படிக்கும் செலவு 1 என்றும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் செலவு 4 என்றும் அதில் முன்னமைவு உண்டு. சுழலும் வட்டுகளை மனத்திற் கொண்டு வைத்த விகிதம் அது. சுழலாத திண்மநிலை வட்டுகளில் இவ்விருவகைப் படிப்புக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிது. எனவே அவற்றுக்கு அவ்வெண்ணைக் குறைத்துக்கொள்ளுதல் நலம். பொருளின் இயல்பு மாறியது. குமிழோ வைத்த இடத்திலேயே நின்றது.

விலை மாறுவதாலும் குமிழின் தக்க நிலை மாறும். 1987இல் ஜிம் கிரே, ஜான்பிராங்கோ புட்சோலு ஆகிய இருவர் ஓர் அழகிய கணக்கைப் போட்டுக் காட்டினர். வட்டிலிருந்து நொடிக்கு ஒருமுறை படிக்கும் வசதியைப் பெற அக்காலத்தில் ஏறத்தாழ 2,000 டாலர் செலவாயிற்று. ஒரு கிலோபைட் நினைவகத்தின் விலை 5 டாலர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 400 வரும். அதாவது ஒரு கிலோபைட் அளவுள்ள செய்தியை 400 நொடிக்கு ஒருமுறையேனும் நாம் தேடுவோமாயின், அதை நினைவகத்திலேயே வைத்திருத்தல் சிக்கனம். அதனினும் அரிதாகத் தேடினால் வட்டில் விட்டுவைத்தலே சிக்கனம். இதையே ஐந்து நிமிட விதி என்று வழங்கினர். இவ்விதியின் சிறப்பு, குமிழை வைக்கும் இடத்தை வழக்கத்தால் அன்றிக் காரணத்தால் கண்டது. அதன் குறையும் அங்கேயே உள்ளது. விலைகள் மாறும்தோறும் விடை மாறும். ஆகவே 1997இல் கிரேயும் கெட்ஸ் கிராஃபே என்பவரும் அக்கணக்கை மீண்டும் போட வேண்டியதாயிற்று.

குமிழ்களைத் தனித்தனியே ஆராய்வது இவ்வாறு இயலும். அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. பள்ளியில் பாட அட்டவணை வகுத்த ஆசிரியர்கள் இதை நன்கு அறிவர். திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் கணக்கையும் வரலாற்றையும் இடம் மாற்றினால், வேறொரு வகுப்பில் வியாழக்கிழமை ஆசிரியர் இல்லாமற் போவார். தரவுத்தளத்திலும் அதே நிலைதான். செய்திகளை வரிசைப்படுத்தும் ஒவ்வொரு வேலைக்கும் 64 மெகாபைட் நினைவகம் கொடுக்கலாம் என்று ஒருவர் அமைக்கிறார் எனக் கொள்வோம். சிறிய அளவாகவே தோன்றும். ஒரே நேரத்தில் 200 பேர் அவ்வேலையைச் செய்தால் 12,800 மெகாபைட் ஆகிவிடும். ஒருவர் கேட்கும் ஒரே வினவலில் அத்தகைய வேலை பல இருத்தலும் கூடும். ஆதலால் இந்தக் குமிழின் தக்க நிலை, இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் மற்றொரு குமிழையும், பொதுச் சேமிப்புக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் குறிக்கும் வேறொரு குமிழையும் பொறுத்தது.

எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்து நல்லதைத் தேர்ந்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தே குமிழ்கள்; ஒவ்வொன்றுக்கும் பத்தே நிலைகள். சேர்க்கைகள் ஆயிரம் கோடி. ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் என்றால், அனைத்தையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 95,000 ஆண்டுகள் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் பார்த்து அறிவது என்னும் வழி அடைபட்டது. சிலவற்றைப் பார்த்து மற்றவற்றை ஊகிப்பதே எஞ்சியிருக்கும் வழி.

ஊகமும் எளிதன்று. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நவீன் ரெட்டி, ஜயந்த் ஹரித்சா ஆகியோர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வினவல் வேண்டும் செய்தியின் அளவு சிறிது சிறிதாக மாறும்போது தரவுத்தளம் எந்தெந்த வழியைத் தேர்கிறது என்பதை அவர்கள் வண்ணங்களால் வரைந்து பார்த்தனர். நான்கைந்து பெரிய பகுதிகள் கிடைக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கிடைத்ததோ, சிறு துண்டுகளும் கோடுகளும் விரவிய சிக்கலான ஓவியம். அதனாலேயே அவர்களின் கருவிக்குப் பிக்காசோ என்று ஓவியரின் பெயர் அமைந்தது. சிறு மாறுதலுக்குச் சிறு விளைவே உண்டாகும் என்ற நம்பிக்கை இவ்வியந்திரத்தில் எப்போதும் செல்லாது என்பதை அவ்வோவியங்கள் காட்டின.

இனித் தானே சீர்செய்துகொள்ளும் முயற்சிகளின் வரலாற்றுக்கு வருவோம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹாமர், ஆர்வோலா சான் ஆகிய இருவர், தன்னைத்தானே தகவமைத்துக்கொள்ளும் தரவுத்தளத்தைப் பற்றி 1976இலேயே எழுதினர். அவர்கள் எடுத்துக்கொண்டது சுட்டுவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல். ஒரு நூலின் இறுதியிலுள்ள பொருட்குறிப்பு அகராதி போன்றது சுட்டுவரிசை; தேடுவதை விரைவாக்கும், ஆனால் நூலைத் திருத்தும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1996இல், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சுரஜித் சௌதுரியும் விவேக் நரசய்யாவும் ஆட்டோஅட்மின் என்னும் ஆய்வின் வழியே இதற்கு நடைமுறை உருவம் கொடுக்க முற்பட்டனர். இல்லாத சுட்டுவரிசை ஒன்று இருப்பதாகக் கொண்டு, அவ்வாறாயின் செலவு எவ்வளவு ஆகும் என்று தரவுத்தளத்தையே கேட்டறிந்தது அவர்களின் நுட்பம். அதன் பயனாக 1998இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் தரவுத்தளத்தில் சுட்டுவரிசைகளைப் பரிந்துரைக்கும் கருவி இடம்பெற்றது.

இவ்வெற்றி குமிழ்களின் துறைக்கு ஏன் அப்படியே பரவவில்லை? சுட்டுவரிசையைப் பற்றிக் கேட்டால் விடை கூற, செலவை மதிப்பிடும் பகுதி தரவுத்தளத்தினுள்ளே இருக்கிறது. நினைவகத்தைப் பங்கிடுதல், பதிவேட்டை வட்டில் எழுதும் காலம், ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை அனுமதிப்பது முதலியவற்றைப் பற்றிக் கேட்டால் நம்பத்தக்க விடை கூறும் பகுதி எதுவும் இல்லை. உண்மையில் இயக்கிப் பார்த்தே அறிய வேண்டும்.

ஆயினும், ஒரு குமிழை அதற்கேற்ற அளவுகோலோடு இணைத்துவிட்டால் வெற்றி கிட்டும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1992இல் சூரிக் நகரில் ஆக்சல் மோன்கெபெர்க், கெர்ஹார்டு வைக்கும் ஆகியோர், ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை அனுமதிக்கலாம் என்னும் சிக்கலை ஆராய்ந்தனர். குறைவாக அனுமதித்தால் இயந்திரம் சும்மா இருக்கும். மிகுதியாக அனுமதித்தால் ஒருவர் பூட்டிய செய்திக்காக மற்றவர் காத்துக் கிடப்பர். தக்க எண்ணிக்கை வேலைக்கு வேலை மாறுவது. ஆகவே அவர்கள் எண்ணிக்கையை விடுத்து, பூட்டுகளின் மொத்தத்துக்கும் காத்திராமல் இயங்கும் வேலைகள் வைத்திருக்கும் பூட்டுகளுக்கும் உள்ள விகிதத்தை அளந்தனர். அது 1.3 என்னும் அளவை நெருங்கும்போது நெருக்கடி தொடங்குவதைக் கண்டு, புதியவற்றை வாயிலிலேயே நிறுத்தி வைத்தனர். வேலை மாறினாலும் பெரிதும் மாறாத ஓர் அளவைக் கண்டதே அவர்களின் அருஞ்செயல்.

2006இல் ஐபிஎம் நிறுவனத்தார் தங்கள் டிபி2 தரவுத்தளத்தில் நினைவகத்தைத் தானே பங்கிடும் முறையைக் கொணர்ந்தனர். ஏரி நீரைப் பங்கிடும் நீர்பாய்ச்சியின் முறையே அது. எந்த வயலுக்கு இன்னும் ஒரு பங்கு நீர் விட்டால் பயன் மிகுதியோ அங்கே விட்டு, எந்த வயலில் ஒரு பங்கு குறைந்தால் இழப்புக் குறைவோ அங்கிருந்து எடுப்பது. ஆரக்கிள் நிறுவனமும் 2001 முதல் தன் தரவுத்தளங்களில் இத்தகைய ஏற்பாடுகளைப் படிப்படியாகச் சேர்த்தது. 2017இல் தானியங்கும் தரவுத்தளம் என்றே அறிவிப்பு வெளியிட்டது.

அடுத்து வந்தது, இயந்திரமே சோதனை செய்து கற்கும் காலம். 2009இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷிவ்நாத் பாபுவும் அவர் மாணவர்களும் ஐடியூன்டு என்னும் முறையை அமைத்தனர். சில சோதனைகளின் முடிவிலிருந்து, அடுத்துச் செய்யத்தக்க சோதனை எது என்று புள்ளியியல் வழியே தீர்மானிப்பது அது. மக்களுக்குப் பணிசெய்யும் இயந்திரத்தைச் சோதனைக்கு உள்ளாக்காமல், மாற்றாக வைத்திருக்கும் இயந்திரத்தின் ஓய்வு நேரத்தில் சோதிக்கலாம் என்றும் அவர்கள் வழி கூறினர். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டானா வான் ஏகன், ஆண்ட்ரூ பாவ்லோ முதலியோர் ஆட்டர்டியூன் என்னும் முறையை வெளியிட்டனர். ஒரு தரவுத்தளத்தைச் சீர்செய்தபோது கற்றதை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது அதன் புதுமை. நல்லாசிரியர் சென்ற ஆண்டு மாணவர்களிடம் கற்றதை இவ்வாண்டு மாணவர்களுக்குப் பயன்படுத்துவது போன்றது அது.

இம்முறையைச் செயற்கைச் சோதனைகளில் அன்றி நடைமுறையில் ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2021இல் வந்தது. பிரான்சு நாட்டின் சொசியேட்டே ஜெனரல் வங்கியில், உண்மையான வேலைப் பதிவைக் கொண்டு ஆரக்கிள் தரவுத்தளத்தில் சோதித்தனர். அங்கே ஏற்கெனவே இருந்த அமைவைவிட 45 விழுக்காடு வரை முன்னேற்றம் கிடைத்தது. பாராட்டத்தக்க பயனே. ஆனால் அதே கட்டுரை வேறோர் உண்மையையும் எடுத்துரைத்தது. பல இயந்திரங்கள் ஒரே சேமிப்பிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அதே குமிழ் நிலையில் அதே வேலையை மீண்டும் இயக்கினாலும் அளவீடு மாறுபட்டது. முன்னேற்றம் குமிழைத் திருப்பியதால் வந்ததா, பக்கத்து இயந்திரம் அப்போது ஓய்ந்திருந்ததால் வந்ததா என்று பிரித்தறிவது எளிதாக இல்லை. தராசே ஆடும்போது எடையை எவ்வாறு நம்புவது?

இவையனைத்தினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. ஒருவர் தம் கணக்கிலிருந்து மற்றொருவருக்குப் பணம் அனுப்புகிறார். அச்செய்தி வட்டில் உறுதியாக எழுதப்பட்ட பின்னரே, பணம் சென்றது என்று தரவுத்தளம் விடை கூற வேண்டும். அவ்வாறு எழுதி முடியும்வரை காத்திராமல் விடை கூறுமாறு செய்யவும் குமிழ்கள் உண்டு. அவற்றைத் திருப்பினால் வேகம் பெருகும். ஆனால் அக்கணத்தில் மின்சாரம் நின்றால், சென்றதாகக் கூறிய பணத்தின் பதிவு காணாமற் போகலாம். வேகத்தை மட்டும் மிகுதியாக்கு என்று கட்டளையிட்டால், கற்கும் இயந்திரம் அக்குமிழை விரைவில் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். அதன் கணக்கில் அது பிழையன்று; தலைசிறந்த விடை. ஓய்வூதியம் வாங்கும் ஒரு முதியவரின் ஒரு மாத வாழ்வு அப்பதிவில் இருக்கிறது என்பதை எந்த அளவீடும் அதற்குக் கூறவில்லை. ஆதலால்தான் ஆட்டர்டியூன் முறையை வகுத்தோர், தொடக்கூடாத குமிழ்களின் பட்டியலைத் தரவுத்தள நிருவாகிகளே வைத்திருக்குமாறு ஏற்பாடு செய்தனர். எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்பது குமிழ்களை ஆராய்ந்து பெறும் அறிவன்று; அத்தரவுத்தளத்தை நம்பி வாழும் மக்களை அறிந்தவர்களிடமிருந்து வர வேண்டிய அறிவு.

வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 2022இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இம்மானுவேல் டிரம்மர், தரவுத்தளத்தின் கையேடுகளையும் பிறர் எழுதிய குறிப்புகளையும் படித்து, அவற்றிலிருந்து குமிழ்களின் நிலையைக் கற்கும் முறையை வெளியிட்டார். மறுபுறம், ஆட்டர்டியூன் முறையை வணிகமாக நடத்த 2020இல் தொடங்கிய நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. அதனால் அவ்வாய்வு வீண் என்று கொள்ளலாகாது. அதன் கட்டுரைகளைப் பின்வந்தோர் தொடர்ந்து பயன்படுத்துகின்றனர்.

இவ்வளவு பேசப்படாத மற்றொரு வழியும் உண்டு. அது குமிழையே நீக்கிவிடுவது. வெற்றிடங்களைக் கணக்கில் வைப்பதற்காக நிருவாகிகள் அமைக்க வேண்டியிருந்த இரண்டு எண்களை, போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2009இல் வெளிவந்த தன் பதிப்பில் அறவே நீக்கியது. அவ்வேலையைச் செய்யும் பகுதியையே புதிதாகக் கட்டியதால் அவ்வெண்களுக்குத் தேவை இல்லாமற் போயிற்று. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளமும், வினவலின் விடைகளைச் சேமித்து வைக்கும் பகுதியை 2018இன் பதிப்பில் கைவிட்டது. அதனோடு அதைச் சார்ந்த குமிழ்களும் மறைந்தன. குமிழ் என்பது பெரும்பாலும், மென்பொருளைக் கட்டியவர் தாம் தீர்மானிக்க இயலாததைப் பிறர் தீர்மானிக்கட்டும் என்று விட்டுச்சென்ற இடமே. கட்டியவரே சிந்தித்து அவ்விடத்தை அடைக்க முடியுமாயின், அதனினும் சிறந்த சீர்திருத்தம் இல்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? ஒரு குமிழையும் அதற்கேற்ற ஓர் அளவையும் இணைக்க முடிந்த இடங்களிலெல்லாம் இயந்திரம் தன்னைத்தானே சீர்செய்துகொண்டது. அளவு ஆடும் இடத்திலும், வேலை நாள்தோறும் மாறும் இடத்திலும் அது இடர்ப்பட்டது. நலம் எது என்பதே வரையறுக்கப்படாத இடத்தில், அது மனிதரை நோக்கியே நின்றது. இன்றும் அவ்வாறே நிற்கிறது. நம் பணமும் நிலமும் மருத்துவக் குறிப்பும் அத்தளங்களில் இருப்பதால், இவ்வினா கணினி அறிஞருக்கு மட்டும் உரியதன்று. இயந்திரம் குமிழைத் திருப்பட்டும். எதற்காகத் திருப்புகிறது என்பதைக் கூறும் பொறுப்பை மட்டும் நாம் அதனிடம் விட்டுவிடலாகாது.